அத்தியாயம் 6: முதலில் இருட்டைப் பிடியுங்கள்

பழைய கட்டடம் ஒன்றின் மீது ஒளிக்காட்சி நடத்துவது என்று விழாக் குழு முடிவெடுத்ததும் முதலில் எழும் கேள்வி, "எத்தனை லூமென் புரொஜெக்டர் எடுக்கணும்?" என்பதுதான். வாடகைக்கு விடுபவர் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். அதை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். சுவரின் பரப்பு என்ன, அது சுண்ணாம்புக் காரையா கருங்கல்லா, இப்போதே அதன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது ஆகிய மூன்றும் தெரியாமல் யாராலும் சரியான எண்ணைச் சொல்ல முடியாது. மூன்றில் செலவை அதிகம் ஏற்றுவது கடைசியில் சொன்னது. அதைத்தான் யாரும் அளப்பதில்லை.

எனவே கருவிகளைப் பற்றிப் பேசும் முன் ஒரு லக்ஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு, காட்சி நடக்கப்போகும் அதே இரவு நேரத்தில் கட்டடத்தின் முன் போய் நில்லுங்கள். மீட்டரின் வெள்ளைக் குமிழ் வெளிப்பக்கம் பார்க்கும்படி சுவரோடு சேர்த்துப் பிடியுங்கள். இடது ஓரம், நடு, வலது ஓரம், மாடியிலிருந்து கை நீட்டிப் பிடிக்க முடிந்தால் அந்த உயரம் என எல்லா இடத்திலும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசிச் செயலிகளும் அளக்கும். ஆனால் மங்கலான வெளிச்சத்தில் அவை காட்டுவதை நம்பிக் கணக்குப் போட முடியாது. பௌர்ணமியைப் பற்றிக் கவலை வேண்டாம்; முழு நிலவு தருவது கால் லக்ஸ் அளவுதான். கவலையெல்லாம் தெருவிளக்கைப் பற்றி இருக்கட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறாண்டு கடந்த பள்ளிக் கட்டடம் ஒன்று. முகப்பு 30 மீட்டர் அகலம், 16 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 480 சதுர மீட்டர். வெளிர்நிறச் சுவரில் படம் துலக்கமாகத் தெரிய 100 லக்ஸ் போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். ஆகவே சுவரில் வந்து சேர வேண்டியது 48,000 லூமென். கருவியின் மீது அச்சிட்டிருக்கும் லூமென் அத்தனையும் சுவருக்கு வராது. இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரங்களை மங்க வைத்தாக வேண்டும். கட்டடத்தைத் தாண்டி வானத்தில் விழும் பகுதியைக் கறுப்பாக்க வேண்டும். வாடகைக் கருவிக்கு வயதும் ஆகியிருக்கும். இதையெல்லாம் கழித்தால் 65 விழுக்காடு மிஞ்சும். 48,000-ஐ 0.65-ஆல் வகுத்தால் சுமார் 74,000. அதாவது 20,000 லூமென் கருவி நான்கு.

இந்தக் கணக்கு, சுவரில் ஏற்கெனவே 10 லக்ஸ் வெளிச்சம் மட்டும் இருக்கும்போது சரி. அப்போது படத்தின் பளிச்சென்ற இடம் 110 லக்ஸ், இருண்ட இடம் 10 லக்ஸ். விகிதம் 11-க்கு 1. வாசலில் இரண்டு எல்.ஈ.டி. தெருவிளக்கு எரிந்து சுவரில் 30 லக்ஸ் விழுகிறது என்றால், அதே நான்கு கருவி தரும் விகிதம் 130-க்கு 30, நாலரைகூட இல்லை. பலமுறை துவைத்த லுங்கிபோல் படம் வெளுத்துத் தெரியும். பழையபடி 11-க்கு 1 வேண்டுமென்றால் 300 லக்ஸ் தேவை. நான்கு கருவி பன்னிரண்டாகும். அவற்றைத் தாங்கும் சாரம், மின்சாரம், ஆட்கள் எல்லாம் கூடவே ஏறும். அந்த இரண்டு விளக்கை ஒன்றரை மணி நேரம் அணைத்து வைக்க ஆகும் செலவோ, நகராட்சி ஆணையருக்கு ஒரு கடிதமும் ஸ்விட்ச் பெட்டியருகே ஓர் ஊழியரும்தான்.

எதையெல்லாம் அணைக்க வேண்டும்?

தெருவிளக்குகள் பல இடங்களில் ஒவ்வொன்றாக அணையாது. ஒரு பெட்டியில் ஒரு தெருவே தொங்கிக்கொண்டிருக்கும். எந்தப் பெட்டி எந்தக் கம்பங்களுக்கு என்பது கோப்பில் இருப்பதைவிட வயர்மேனின் தலையில்தான் தெளிவாக இருக்கும். அவரை ஒரு மாலை அழைத்து வந்து அணைத்துக் காட்டச் சொல்லி, மீட்டரால் மறுபடி அளவெடுங்கள். போக்குவரத்துள்ள சாலை என்பதால் காவல்துறை அணைக்க ஒப்பவில்லை என்றால், விளக்கின் கட்டடப் பக்கத்தை மட்டும் கறுப்புத் தகடு வைத்து மறைக்கலாம். சாலைக்கு வெளிச்சம் குறையாது. ஹைமாஸ்ட் விளக்கில் உங்கள் பக்கம் பார்க்கும் விளக்குகளை மட்டும் துண்டிக்கக் கேளுங்கள். கூட்டம் நடந்துவரும் வழியை முழு இருட்டில் விடக் கூடாது. கணுக்கால் உயரத்தில், தரையை நோக்கிய சிறு விளக்குகள் போதும்.

அடுத்தது நாமே கொண்டுவந்து சேர்க்கும் வெளிச்சம். விழா என்றதும் கட்டடத்துக்கே சீரியல் செட் மாட்டிவிடுவார்கள். ஒப்பந்தக்காரருக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் அவர் மாட்டிய பிறகுதான் உங்களுக்குத் தெரியும். பஜ்ஜிக் கடையின் டியூப் லைட்டைச் சுவருக்கு முதுகு காட்டி வைக்கச் சொல்லுங்கள். வெள்ளை ஃபிளெக்ஸ் பேனர்கள் தாமாக எரியாவிட்டாலும் எதிரில் வரும் ஒளியைத் திருப்பி அடிக்கும்.

பிறகு மேடை. வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப்பரிசு என்று முக்கால் மணி நேரம் ஃபோகஸ் விளக்கின் ஒளியில் பார்த்துக்கொண்டிருந்த கண், உடனே இருட்டுக்குப் பழகாது. முதல் ஐந்து நிமிடக் காட்சி மங்கலாகத்தான் தெரியும், புரொஜெக்டர்காரரைத் திட்டுவார்கள். உரைகளை இருட்டும் முன்னரே முடித்துவிடுங்கள். மாவட்ட ஆட்சியர் ஏழரைக்குத்தான் வருவார் என்றால், மேடையைக் கட்டடத்துக்குப் பக்கவாட்டில் வேறு முற்றத்தில் போடுங்கள். உரைக்கும் காட்சிக்கும் நடுவே ஐந்து நிமிடம் விளக்கில்லாமல் நாதஸ்வரம் ஒலிக்கட்டும். சிறப்பு விருந்தினர் தொடங்கிவைக்கத்தான் வேண்டும் என்றால் அவர் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து எல்லா விளக்கையும் அவரையே அணைக்கச் செய்யலாம். படமும் நன்றாக வரும், அவருக்கும் மகிழ்ச்சி.

சுவர் என்ன சொல்கிறது?

இருட்டைப் பிடித்த பிறகு சுவரைப் பகலில் போய்ப் பாருங்கள். சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பித் தரும். கருத்த கருங்கல் ஐந்தில் ஒரு பங்கு தந்தாலே பெரிது. செங்கல் சுவரில் சிக்கல் வேறு மாதிரி: சிவப்பைத் திருப்பும், நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடும். கணினித் திரையில் அலையடித்த நீலக் கடல் செங்கல்லில் சேற்றுக் குட்டையாகும். அதனால் நிறங்களை மானிட்டரில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். ஒரு சிறு புரொஜெக்டரை எடுத்துக்கொண்டு போய், வெள்ளையோடு ஐந்தாறு நிறக் கட்டங்களைச் சுவரின் ஒரு மூலையில் அடித்துப் பார்த்து, எது பிழைக்கிறதோ அதை வைத்து வண்ணத்தட்டை அமையுங்கள். வரைகலைஞரும் அன்று கூட இருக்க வேண்டும்.

ஜன்னல்கள் ஒளியை உள்ளே விட்டுவிடும். படத்தில் ஓட்டை விழும். கட்டைக் கதவுகள் இருந்தால் மூடிவிடலாம். கண்ணாடி என்றால் உட்புறம் வெள்ளைத் துணி தொங்கவிடுங்கள். ஆணியோ பசை நாடாவோ கூடாது; உள்ளே இரண்டு தாங்குகால்களை நிறுத்தி நடுவே கயிறு கட்டிக்கொள்ளலாம். முகப்பில் தாழ்வாரமும் தூண்களும் இருந்தால் தூணின் நிழல் பின்சுவரில் விழும். நடுவில் ஒரே இடத்திலிருந்து அடிப்பதைவிட இரண்டு பக்கமிருந்து அடித்தால் ஒன்றின் நிழலை மற்றது நிரப்பும். கருவியை மேலே ஏற்ற ஏற்ற கொடுங்கையின் நிழல் கீழிறங்கிச் சுவரை மூடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளிக் கட்டடத்துக்குத் திரும்புவோம். நான்கு கருவியையும் இரண்டு மேல், இரண்டு கீழ் என அமைத்தால் ஒவ்வொன்றின் படமும் 16.5 மீட்டர் அகலம், 10.3 மீட்டர் உயரம் இருக்கும். பக்கவாட்டில் 3 மீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்; ஓரங்களை இணைக்க அது தேவை. 1.5 லென்ஸ் என்றால் படத்தின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தொலைவு வேண்டும். அதாவது சாரம் சுவரிலிருந்து சுமார் 25 மீட்டரில் நிற்க வேண்டும். அங்கே வேப்பமரம் நின்றால் வேறு லென்ஸ் கேளுங்கள். கிளையை வெட்டக் கேட்காதீர்கள். 1920 பிக்சல் அகலமுள்ள கருவியில் ஒரு பிக்சல் சுவரில் எட்டரை மில்லிமீட்டர் இருக்கும். கூட்டம் நிற்கும் தொலைவுக்கு இது தாராளம். 4கே என்று ஆசைகாட்டினால் அந்தப் பணத்தை ஒலிக்குச் செலவிடுங்கள்.

படத்தைக் கட்டடத்தின் விளிம்புகளோடு பொருத்துவதற்கு இரண்டு வழி உண்டு. பணம் இருந்தால் லேசர் ஸ்கேனர் வைத்து முப்பரிமாண மாதிரி எடுத்து, பிளெண்டர் மென்பொருளில் கட்டடத்தை எழுப்பி வேலை செய்வது. இல்லையென்றால் லென்ஸ் இருக்கப்போகும் அதே புள்ளியில், அதே உயரத்தில் கேமராவை வைத்துப் படமெடுத்து அதன்மேல் வரைவது. பிறகு ரெசொல்யூம், மேட்மேப்பர் போன்ற மென்பொருளில் ஓரங்களை இழுத்துச் சரிசெய்வது. இரண்டிலும் கடைசி வேலை சுவரில்தான் நடக்கும். ஒருவர் சுவரடியில் நின்று "ரெண்டு விரக்கடை மேல, இன்னும் கொஞ்சம்" என்று வாக்கிடாக்கியில் சொல்ல, சாரத்தில் இருப்பவர் மவுஸால் கோட்டை நகர்த்துவார். பொதுப்பணித் துறையின் பழைய வரைபடத்தை நம்பி இறங்க வேண்டாம். வளைவுகள் ஒவ்வொன்றும் ஒரே அளவென்று தாளில் இருக்கும். நூறாண்டுப் பூச்சும் வெள்ளையடிப்பும் ஏறிய சுவரில் அப்படி இருக்காது.

சாரத்தின் அடியில் பலகை போட்டு எடை ஏற்றுங்கள். ஒரு மீட்டர் அகலச் சாரத்தின் ஒரு கால் மழைக்குப் பிறகு மண்ணில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால், 25 மீட்டருக்கு அப்பால் படம் 25 மில்லிமீட்டர் நகரும். ஜன்னலின் விளிம்பில் போட்ட வெள்ளைக் கோடு ஜன்னலுக்குள் விழுந்துவிடும். இணைத்தாயிற்று என்று நிம்மதியாகத் தூங்காமல், ஒவ்வொரு மாலையும் கட்டக் கோடு அடித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சாரத்தில் கருவிகள் ஓடும்போது யாரும் ஏறி நின்று செல்ஃபி எடுக்கவும் விடாதீர்கள்.

என்ன காட்டுவது?

ஒலி-ஒளிக் காட்சி என்ற வடிவம் பிரான்சில் 1952-இல் ஷாம்போர் அரண்மனையில் தொடங்கியது. போல் ராபர்-ஊதேன் என்பவர் செய்தது. புகழ்பெற்ற மந்திரவித்தைக்காரர் ராபர்-ஊதேனின் வழிவந்தவர் அவர். குரல் கதை சொல்லும். விளக்குகள் கட்டடத்தின் பகுதிகளை மாற்றி மாற்றி எடுத்துக்காட்டும். மதுரை திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தில் உட்கார்ந்து, நாயக்கர் வரலாறும் சிலப்பதிகாரக் கதையும் கேட்டவர்களுக்கு இந்த வடிவம் பழக்கமானது. அந்தக் காட்சியில் தூணின் மீது படம் எதுவும் ஓடவில்லை. ஒளி எந்தத் தூணில் ஏறியதோ அங்கே கண் போனது. அந்த அடக்கத்தை படத்தைக் கட்டடத்தின் விளிம்புகளோடு பொருத்திக் காட்டும் மேப்பிங் வந்த பிறகு நாம் மறந்துவிட்டோம் என்பது என் கருத்து. ப்ராகின் வானியல் கடிகாரத்துக்கு 600 ஆண்டு நிறைந்த 2010-இல் அந்தக் கோபுரத்தின் மீது காட்டிய காட்சி இணையத்தில் பரவிய பிறகு, செங்கல் உதிர்வதும் பல்சக்கரம் சுழல்வதும் உலகெங்கும் எல்லாச் சுவரிலும் வந்துவிட்டன. ப்ராகில் சுவருக்குப் பின்னால் நிஜமாகவே கடிகார இயந்திரம் இருந்தது. சக்கரத்துக்கு அங்கே வேலை இருந்தது. தாலுகா அலுவலகத்தில் எதற்கு?

நான் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது பிரான்சின் ஆமியேன் தேவாலயத்தை. 1220-இல் கட்டத் தொடங்கியது. 1990-களில் அதன் மேற்கு முகப்பின் அழுக்கை லேசர் கொண்டு நீக்கியபோது, வாசல்களில் நிற்கும் கற்சிலைகளில் பழைய வண்ணப்பூச்சின் தடயங்கள் தென்பட்டன. இன்று வெறும் கல்லாகத் தெரியும் சிலைகள் ஒருகாலத்தில் வண்ணம் தீட்டப்பட்டவை. கல்லில் மறுபடி வண்ணம் பூசுவதைப் பாதுகாப்பாளர்கள் யாரும் ஏற்க மாட்டார்கள். அதனால் நிறத்தை ஒளியாகப் பூசினார்கள்: ஆடையின் மடிப்பில் ஒரு நிறம், அதன் கரையில் இன்னொன்று, முகத்தில் தோலின் நிறம் என்று சிலை சிலையாகப் பொருத்தினார்கள். அந்தப் பகுதியில் எதுவும் ஆடுவதில்லை, உதிர்வதில்லை. நிறம் சும்மா நிற்கிறது; கூட்டம் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. விளக்கை அணைத்தால் கல் பழைய கல்.

உங்கள் கட்டடத்திலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். அடைத்துவிட்ட ஒரு வாசல், பிற்காலத்தில் ஏற்றிய மாடி, இடிந்துபோன மணிக்கூண்டு, பெயர்ப்பலகையின் அடியில் தெரியும் பழைய எழுத்து. அதைக் கண்டுபிடித்த பிறகு திரைக்கதை எழுதுங்கள். பன்னிரண்டு நிமிடம் போதும். நின்றுகொண்டு பார்ப்பவர்களுக்கு அதுவே அதிகம். ஆமைபோல் நகரும் காட்சிகள் சுவரில் எடுபடும். கணினியில் சரியாகத் தோன்றும் வேகம் முப்பது மீட்டர் அகலத்தில் தலைசுற்ற வைக்கும். மின்னல்போல் வெட்டும் ஒளியை நொடிக்கு மூன்றுக்கு மேல் போக விடாதீர்கள். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து.

அனுமதியும் காப்பும்

முதலில் கட்டடம் யாருடைய காப்பில் இருக்கிறது என்று பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் சின்னமானால் 1958-ஆம் ஆண்டுச் சட்டம். 2010 திருத்தத்தின்படி சுற்றி 100 மீட்டர் கட்டுமானத்துக்குத் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. உங்கள் சாரம் தற்காலிகமானதுதான். ஆனாலும் அது எங்கே நிற்கும், எவ்வளவு உயரம், எத்தனை நாள், தரையைத் தோண்டப்போவதில்லை என்பதையெல்லாம் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். மாநிலத் தொல்லியல் துறையின் சின்னங்களுக்குத் தமிழ்நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி தனி. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்துக்கு நிறுத்தியாக வேண்டும். சினிமாப் பாட்டு போட்டால் உரிமத் தொகை கட்டவேண்டி வரும். சொந்தமாக இசை அமைத்துவிடுவது நல்லது.

ஓர் இரவு விழும் ஒளியால் வெறும் கல்லுக்கும் காரைக்கும் ஒன்றும் ஆகாது. சுவரோவியம் இருந்தால் கதை வேறு. ஒளிபட்டால் மங்கும் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வரம்பு 50 லக்ஸ். நீங்கள் அடிக்கப்போவது 100. ஓவியம் உள்ள இடத்தை மாஸ்க் போட்டுக் கறுப்பாக்கிவிடுங்கள். பழைய கட்டடத்தின் இடுக்குகளில் வௌவாலும் ஆந்தையும் குடியிருக்கும். அவை வெளியேறும் துவாரம் எது என்று காவலாளியைக் கேட்டால் காட்டுவார். அந்த இடத்தையும் இருட்டாகவே விடுங்கள். குஞ்சு பொரித்திருக்கும் காலமானால் தேதியை மாற்றுங்கள். பெரிய லேசர் புரொஜெக்டரின் லென்ஸை அருகில் நின்று பார்ப்பது கண்ணுக்குக் கேடு. ஒளிக்கற்றை யாருடைய தலைக்கும் மேலாகப் போகும்படி உயரம் வையுங்கள்.

அந்த மாலை

ஐரோப்பாவில் கோடைகாலத்தில் இருட்டுவதற்கு இரவு பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். சிட்னியின் விவிட் விழா அங்கே குளிர்காலம் தொடங்கும் மே, ஜூனில் நடப்பதில் பொழுது சீக்கிரம் சாயும் வசதியும் உண்டு. நமக்கு அந்தக் கவலை இல்லை. சூரியன் மறைந்து அரை மணியில் நன்றாக இருட்டிவிடும். ஏழேகால் முதல் பத்து மணிக்குள் மூன்று நான்கு காட்சிகள் நடத்தலாம். ஆனால் கருவிகளைப் பொருத்திப் பார்க்கவும் இருட்டு வேண்டும் என்பதால், அரங்கேற்றத்துக்கு முன் குறைந்தது மூன்று இரவுகளைச் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

20,000 லூமென் கருவி ஒன்று ஏறத்தாழ 2 கிலோவாட் இழுக்கும். நான்குக்கும் ஒலிக்கும் சேர்த்துச் சத்தமில்லாத ஜெனரேட்டர் ஒன்று, அதற்கு மாற்றாக இன்னொன்று, கணினிகளுக்கு யு.பி.எஸ். வைத்துக்கொள்ளுங்கள். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். சுவரடியில் வைத்த ஸ்பீக்கரின் சத்தம் 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பத்தில் ஒரு நொடி தாமதமாகத்தான் வரும். நடுவில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வைத்தால் சுவரிலிருந்து அது நிற்கும் தொலைவுக்கு ஏற்ற தாமதத்தை அதற்குக் கொடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சொல்லும் இரட்டையாகக் கேட்கும்.

மழை வந்தால் கருவிமேல் பாலித்தீன் போர்த்துவது வழக்கம். அது காற்றை அடைத்துவிடும். கருவி சூடேறித் தானாக அணைந்துவிடும். கூரையும், பக்கத்துக்கு ஒரு மின்விசிறியும் உள்ள பெட்டிக்குள் வையுங்கள். மழை விட்ட மாலையில் ஈசல் வரும். லென்ஸுக்கு முன்னால் பறக்கும் ஓர் ஈசல் சுவரில் பெரிய கருநிழலாக ஓடும்; நூறு வந்தால் காட்சி முடிந்தது. லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சிறு ஊதுவிசிறி வைத்தால் அவை நெருங்காது. லென்ஸைத் துடைக்கச் சட்டை முனையைப் பயன்படுத்தும் உதவியாளர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருக்கிறார். அவர் கையில் மென்துணியைக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சாரம் நின்ற இடத்தையும் துணி கட்டிய ஜன்னல்களையும், வருவதற்கு முன் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, துறை அலுவலரிடம் கையெழுத்து வாங்குங்கள். லேசர் ஸ்கேன் எடுத்திருந்தால் அதன் ஒரு பிரதியை வன்தட்டில் போட்டு அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். பாரிஸ் நோத்ர-தாம் 2019-இல் எரிந்தபோது, கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாலன் 2010-இல் எடுத்து வைத்திருந்த ஸ்கேன் மறுகட்டுமானத்துக்குக் கைகொடுத்தது. அடுத்த ஆண்டு அனுமதி கேட்கப் போகும்போது துறையினர் உங்கள் விண்ணப்பத்தையும் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.